தூதன் வந்த பிறகு

(லெந்து காலத்து மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இறையியல் படித்தவள் அல்ல. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அதனால் இன்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன். பெலன் என்ற சொல்.

தேவாலயத்துக்கு வெளியே யாரும் இந்தச் சொல்லை இப்படி உச்சரிப்பதில்லை. பலம் என்பார்கள். யானைக்குப் பலம், பீமனுக்குப் பலம். நம் வீடுகளில் மட்டும் அது பெலன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில், கடன்காரர் வந்துபோன இரவில், அடக்க ஆராதனை முடிந்து வீடு திரும்பியபின், "ஆண்டவரே, பெலன் தாரும்" என்கிறோம். பலம் ஒருவரிடம் இருப்பது. பெலன், இல்லாதபோது கேட்பது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். ஆனாலும் என் காதுக்கு அவை இரண்டு சொற்களாகவே கேட்கின்றன. இந்தச் சொல்லைச் சொல்லும்போது நாம் எதைக் கேட்கிறோம், கேட்டால் எது வருகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். லெந்து நாட்களில் ஒவ்வொரு வருடமும் வாசிக்கிற பகுதி. ஒலிவ மலை, இரவு நேரம். இயேசு சீஷர்களை விட்டு ஒரு கல்லெறி தூரம் தள்ளிப்போய் முழங்கால் படியிடுகிறார். அந்தத் தோட்டத்துக்குக் கெத்செமனே என்று பெயர் என்பதை மத்தேயுவும் மாற்குவும் சொல்கிறார்கள். அரமேய மொழியில் அதற்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவக் காய்களை நசுக்கி எண்ணெய் எடுக்கும் இடம். செக்கு ஓடுகிற சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை.

அவர் கேட்டது என்ன? இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். இதை நாம் நிதானமாகக் கவனிப்பதில்லை. உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று முடிவதைச் சீக்கிரம் எட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ஜெபம் அங்கே தொடங்கவில்லை. வேண்டாம் என்றுதான் தொடங்கியது. சாவு வேண்டாம், வலி வேண்டாம் என்று சொல்வது அவிசுவாசம் என்றால், முதலில் தோட்டத்தில் முழங்கால் படியிட்டவரைத்தான் நாம் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்து வருகிறது நான் இன்று காட்ட நினைத்த இடம்: 43, 44ஆம் வசனங்கள். வானத்திலிருந்து ஒரு தூதன் வந்து அவரைப் பலப்படுத்துகிறான். சரி, ஜெபம் கேட்கப்பட்டது, பெலன் வந்துவிட்டது என்று நாம் மூச்சு விடுகிறோம். கதை எழுதத் தெரிந்த எவரும் அடுத்த வரியில் என்ன எழுதுவார்? அவர் அமைதியடைந்தார், எழுந்து நின்றார் என்று எழுதுவார். லூக்கா அப்படி எழுதவில்லை. தூதன் வந்த பிறகுதான் அவர் மிகவும் வியாகுலப்பட்டார், இன்னும் ஊக்கமாக ஜெபித்தார், அவருடைய வியர்வை இரத்தத் துளிகளைப்போலத் தரையில் விழுந்தது என்கிறார். வரிசையைப் பாருங்கள். பெலன் முதலில் வருகிறது. வேதனையின் உச்சம் அதற்குப் பிறகு வருகிறது.

இதைப் பல வருடம் நானும் தலைகீழாகத்தான் நினைவில் வைத்திருந்தேன். முதலில் வியர்வை, பிறகு தூதன் என்று. ஞாயிறு பள்ளியில் பார்த்த படத்திலும் அப்படித்தான் இருந்தது: களைத்துச் சாய்ந்திருக்கும் இயேசு, மேலிருந்து இறங்கி வரும் தூதன், சுற்றிலும் ஒளி. படம் அங்கே முடிந்துவிடும். வேதம் அங்கே முடியவில்லை.

வியாகுலம் என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் அகோனியா என்ற சொல் இருக்கிறது. அது விளையாட்டுக் களத்திலிருந்து வந்தது. மல்யுத்தக்காரனும் ஓட்டக்காரனும் போட்டிக்குள் படும் பாட்டுக்கு உரிய சொல். தூதன் செய்தது களத்துக்குள் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதைப் போன்ற காரியம். போட்டியை நிறுத்த அவன் வரவில்லை. தொடர்ந்து நிற்க, தொடர்ந்து ஜெபிக்க உதவ வந்தான்.

இந்த இரண்டு வசனங்களும் மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் வேதாகமத்தின் அடிக்குறிப்பில் பார்த்திருக்கலாம். பின்னால் சேர்க்கப்பட்டவை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆண்டவருக்கே ஒரு தூதனின் உதவி தேவைப்பட்டதா என்று சங்கடப்பட்டு யாரோ நீக்கியிருப்பார்கள் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரத்தத் துளிபோன்ற அந்த வியர்வையை 2ஆம் நூற்றாண்டிலேயே யுஸ்தின் என்ற சபைப்பிதா அறிந்திருந்தார். அந்த வாதத்தைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தச் சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. உதவி தேவைப்படுகிற ஆண்டவரைப் பார்க்க நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. உதவி தேவைப்படுகிற விசுவாசியையும் அப்படித்தான்.

இன்னொன்று. சீஷர்கள் தூங்கிவிட்டார்கள் என்பதை மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். துயரத்தினால் தூங்கினார்கள் என்று லூக்கா மட்டும் எழுதுகிறார். அவர் வைத்தியர் என்பது மரபு. துக்கம் மனிதனை எப்படிச் சாய்க்கும் என்று பார்த்தவருடைய கண் அது. வீட்டில் ஒரு சாவு விழுந்து, மூன்றாம் நாள் பகல் முழுவதும் தூங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அந்தத் தூக்கத்துக்காகக் குற்ற உணர்ச்சி அடைந்தவர்களும் இருப்பார்கள். லூக்கா உங்களைப் பார்த்திருக்கிறார்.

இனி, நாள்காட்டியில் அச்சிடுகிற வசனம் ஒன்று. பிலிப்பியர் 4ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். கிறிஸ்து பெலப்படுத்துவதால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்கிற வசனம். ஆட்டோவின் பின்னால் இருக்கிறது, கடைப் பலகையில் இருக்கிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாமே சொல்லி அனுப்புகிறோம். அதில் தவறில்லை. நானும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய வசனங்களை அந்த நாள்காட்டிகளில் யாரும் அச்சிடுவதில்லை. பவுல் அங்கே பேசுவது பசியைப் பற்றி. நிறைய இருக்கும்போது எப்படி இருப்பது, ஒன்றுமில்லாதபோது எப்படி இருப்பது என்று கற்றுக்கொண்டேன் என்கிறார். எழுதுவது சிறையிலிருந்து. அவர் சொன்ன எல்லாவற்றிலும் பட்டினி கிடப்பதும் ஒன்று. மலையைப் புரட்டும் பெலனைப் பற்றி அவர் பேசவில்லை. சோறில்லாத நாளைக் கடக்கிற பெலனைப் பற்றிப் பேசுகிறார்.

அதற்கு அடுத்த வசனம் இன்னும் அருமை. எனக்குக் கிறிஸ்து போதும், உங்கள் உதவி வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. என் உபத்திரவத்தில் நீங்கள் பங்குகொண்டது நல்ல காரியம் என்று நன்றி சொல்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்ற மனிதரிடம் காணிக்கை கொடுத்தனுப்பியிருந்தார்கள். அந்த மனிதர் வந்த இடத்தில் நோயில் விழுந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். கிறிஸ்துவின் பெலன் பவுலுக்குக் கிடைத்தது. கூடவே, அதைச் சுமந்துகொண்டு வந்தவர் ஒருவர் படுக்கையில் கிடந்தார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

எலியாவின் கதைக்கு வருகிறேன். கர்மேல் மலையில் வெற்றி பெற்ற மறுநாளே யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடினார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, தனியாக ஒருநாள் பயணம் வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்டார். போதும் என்றார். வேதத்தில் இதுவும் ஒரு ஜெபம். மோசேயும் யோனாவும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். யோபு தான் பிறந்த நாளையே சபித்தார்.

அதற்கு வந்த பதில் என்ன? கண்டனம் இல்லை, பிரசங்கம் இல்லை, நேற்றுத்தானே வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது, அதற்குள் மறந்துவிட்டாயா என்ற கேள்வி இல்லை. அவர் தூங்கினார். ஒரு தூதன் தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். அடை என்ற சொல்லைத்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறது. எத்தனை நல்ல சொல்! நம் அடுப்படியிலிருந்து எடுத்த சொல். தின்றார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் கோபப்படவில்லை. இரண்டாம் முறை தொட்டு எழுப்பி, நீ போகவேண்டிய தூரம் உன்னால் தாங்கக்கூடியதைவிட அதிகம், சாப்பிடு என்ற பொருளில் பேசினான். அந்த உணவின் பெலத்தில் அவர் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்தார். மெல்லிய சத்தமும், நீ இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வியும் அங்கேதான் அவருக்குக் கிடைத்தன. முதலில் தூக்கம், பிறகு சாப்பாடு, மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, நெடிய நடை. பேச்செல்லாம் கடைசியில்தான்.

என் கணவர் நோயில் கிடந்த 7 மாதங்களில் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் பலர். பெரும்பாலோர் அன்பினால் வந்தார்கள், இன்றும் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஒருவர் மட்டும், விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் சுகம் தாமதிக்கிறது என்று அவருடைய படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார். என் கணவர் அன்றிரவு தூங்கவில்லை. எந்த வசனத்தை நான் சரியாக நம்பவில்லை என்று விடியும்வரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை மன்னிக்க எனக்கு நாளாயிற்று. அதே வாரத்தில் அடுத்த தெருப் பெரியம்மா ஒருத்தி தூக்குச்சட்டியில் ரசஞ்சாதம் கொண்டுவந்து, "நீ போய் ஒரு மணிநேரம் படும்மா, நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள். அவள் வாய்விட்டு ஜெபிக்கவே இல்லை. எழுந்து வந்து பார்த்தபோது அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள், ஏலியின் முன்னால் நின்றிருந்த அன்னாளைப்போல.

பெலன் எப்படி வரும் என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். தூக்குச்சட்டியில் வரும். ஒரு மணிநேரத் தூக்கமாக வரும். அதைத் தேவனுடைய பதில் என்று அடையாளம் காணாமல், வேறு ஏதோ வானத்திலிருந்து இறங்கும் என்று நாம் காத்திருக்கிறோம்.

ஆனால் அந்தத் தூக்குச்சட்டியும் வராத வீடுகள் உண்டு. எதுவுமே வராத இரவுகள் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நேர்மையாகாது. சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுகள். முறையிடுதல் என்றால் நமக்குத் தெரியும். அரசன் வாசலில் ஆராய்ச்சி மணியை அடிப்பது. கேட்க வேண்டியவன் கேட்கிறான் என்ற நம்பிக்கை இருப்பவன்தான் மணியடிப்பான். 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்று நான்குமுறை கேட்கிறது. அதாவது பாடுபவர் நான்குமுறை மணியடிக்கிறார். இப்படிப்பட்ட சங்கீதங்களில் பெரும்பாலானவை இறுதியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. கோராகின் புத்திரரின் அந்தப் பாட்டு எபிரெயத்தில் இருள் என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. விடிவது இல்லை. அதையும் பரிசுத்த வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வாய் வராதவனுக்கும் ஒரு ஜெபம் வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கரைக்கு வரவில்லை. உடல் கிடைத்தால் அடக்கம் செய்யலாம், அழலாம், கல்லறைக்குப் போகலாம். கிடைக்காதபோது அந்த மனைவி என்ன ஜெபிப்பாள்? திரும்பி வரவேண்டும் என்றா, ஆத்துமா இளைப்பாற வேண்டும் என்றா? அவளுக்கு முன்னால் 23ஆம் சங்கீதத்தை நீட்ட எனக்குத் தைரியம் இல்லை. 88ஆம் சங்கீதத்தை அவளோடு சேர்ந்து வாசிக்கலாம்.

ஜெர்மனியில் தீத்ரிக் போன்ஹோபர் என்ற போதகர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததால் 1943 ஏப்ரல் 5ஆம் தேதி கைதாகி, பெர்லினில் டெகல் சிறையில் இருந்தார். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு உடன் கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக் கொடுத்தார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, மிகுந்த நெருக்கடிக்கு ஒன்று. அடுத்த மாதம், 1944 ஜனவரியில், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. குண்டு வீச்சின்போது எல்லாரும் தரையில் படுத்திருக்கிறார்கள். எப்போதும் விளையாட்டாகப் பேசித் திரிகிற ஒருவன் தேவனே தேவனே என்று அலறுகிறான். போன்ஹோபர் அவனுக்கு ஒரு வேதவசனமும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் 10 நிமிடத்துக்கு மேல் நீடிக்காது என்று மட்டும் சொன்னாராம். சங்கீதங்களைத் தினமும் ஓதியவர், அவற்றைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பயந்து கிடப்பவனின் தொண்டைக்குள் மதத்தைத் திணிப்பது சரியல்ல என்று அவருக்குத் தோன்றியது. அந்த 10 நிமிடக் கணக்கு எனக்கு அவருடைய ஜெபங்களுக்குச் சமமாகப் படுகிறது. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஏமி கார்மைக்கேல் அம்மையாரை இங்கே அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் வாழ்ந்தவர். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் ஆபத்திலிருந்த குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். அந்தப் பாதியை நாம் ஆண்டுவிழாக்களில் பேசுகிறோம். மறுபாதி 1931 அக்டோபர் 24ஆம் தேதி தொடங்குகிறது. களக்காட்டில் மருந்தகத்துக்காக ஏற்பாடாகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனார். மங்கிய வெளிச்சத்தில், தோண்டக் கூடாத இடத்தில் தோண்டியிருந்த ஒரு குழியில் கால் வைத்து விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகு ஏறக்குறைய 20 வருடம், 1951 ஜனவரி 18ஆம் தேதி இறக்கும்வரை, பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில்.

டோனாவூர் முழுவதும் அவருடைய சுகத்துக்காக ஜெபித்தது. எத்தனை குழந்தைகளின் ஜெபம்! அம்மை எழுந்து நடக்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு யாராவது விசுவாசம் போதாது என்று சொல்லியிருப்பார்களா?

அந்தப் படுக்கையிலிருந்து 1933இல் ஒரு புத்தகம் வந்தது. நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் அவை. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்பும் ஆறுதல் எழுத்துக்கள் தம்மை வந்து தொடவில்லை என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. எழுந்து நடமாடும் காலில் நின்றுகொண்டு பொறுமையைப் போதிக்கக் கூடாது என்று அவருக்குப் படுக்கையில்தான் தெரிந்தது. இத்தனைக்கும் அதற்குமுன் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்னவர் அவர். படுத்தபடி ஜெபித்தார், எழுதினார், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சீட்டு அனுப்பினார். வலி போய்விட்டது என்று எங்கும் சொல்லவில்லை. தூதன் வந்த பிறகும் தொடர்ந்த வியர்வை அது, 20 வருடமாக.

டோனாவூரில் அவருடைய கல்லறைக்குக் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் அம்மை என்று மட்டும் எழுதியிருக்கிறது.

கடைசியாக ஒரு இடம். யாத்திராகமம் 17ஆம் அதிகாரம். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மலையுச்சியில் மோசே கைகளை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள், கை தளர்ந்தால் அமலேக்கியர். மோசேக்குக் கை அசந்துபோகிறது. கையை உயர்த்து, விசுவாசி என்று யாரும் அவரை அதட்டவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் ஒரு பக்கம் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அந்தக் கைகள் அசையாமல் இருந்தன என்று வேதம் சொல்கிறது. அசையாமல் என்பதற்கு அங்கே வரும் எபிரெயச் சொல் எமுனா. மற்ற இடங்களில் விசுவாசம், உண்மை என்று நாம் மொழிபெயர்க்கிற அதே சொல். அந்த மாலையில் மோசேயின் விசுவாசம் என்பது இரண்டு பேர் கீழிருந்து தாங்கிய இரண்டு கைகள்தான்.

வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும்போது பலர் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டீர்கள். கூட்டம் தொடங்குமுன் சிலவற்றைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெயர் இல்லை. ஒன்றில் பெலன் என்ற ஒரே சொல் மட்டும் இருந்தது, பென்சிலில். வழக்கமாக இந்தச் சீட்டுகளை மொத்தமாகக் கையில் பிடித்துக்கொண்டு, இவர்கள் எல்லாருக்காகவும் என்று ஒரே ஜெபத்தில் முடித்துவிடுவோம். இன்று அப்படிச் செய்யவேண்டாம் என்று ஐயரவர்களிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் சம்மதித்தார். ஒவ்வொன்றாக வாசிப்போம். நேரமாகும். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் தாராளமாகப் புறப்படலாம். இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.